எண்ணுவதற்குக் கம்பி இல்லை

ஒன்பது நாள்.
முடக்கிவைத்த லைசென்ஸோடு வண்டி ஓட்டியதற்கு.
நீதிபதி என் முகத்தைப் பார்க்கவில்லை,
கேலண்டரையும் பார்க்கவில்லை.
வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள்
நானே போய் மணியடிக்க வேண்டும்.
மாமியார் வீட்டுக்குக்கூட
நான் இப்படி நேரம் பார்த்துப் போனதில்லை.

ரெனே இரண்டு தடவை உள்ளே போய் வந்தவள்.
சர்க்கரை ஆலையின் மதிய இடைவேளையில்
சாண்ட்விச்சை மென்றுகொண்டே சொன்னாள்:
மோதிரத்தைக் கழற்றி வீட்டிலேயே வை.
கம்பி வைத்த பிரா போடாதே,
வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.
பிரஷர் மாத்திரையை மருந்துக்கடைப் புட்டியோடு கொண்டுபோ,
வேறு டப்பாவில் இருந்தால் குப்பைக்குத்தான்.
நாற்பது டாலர், ரொக்கமாக.
போன் நம்பரை மனப்பாடம் செய்,
கையில் எழுதிக்கொண்டு போகாதே
முதல் வேலையே குளிக்கச் சொல்வதுதான்.
எதற்கு வந்தாய் என்று யாரையும் கேட்காதே.
மிட்டாய் கொடுத்தால் வாங்காதே,
இன்று ஒன்று, செவ்வாய்க்கிழமை இரண்டாகக் கேட்பார்கள்.

அழுகை வந்தால்? என்றேன்.
குளிக்கும்போது, என்றாள்
விரலிலிருந்த கடுகை நக்கியபடி.

பாலைக் கொட்டினேன்.
கரண்ட் பில் கட்டினேன்.
வடக்கு டகோட்டாவின் மார்ச் மாதம்,
குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க
ஹீட்டரை ஐம்பத்தைந்தில் வைத்தேன்.
நாயைத் தம்பி ஓரினிடம் விட்டேன்.
பல் அறுவை என்று மேலாளரிடம் சொன்னேன்,
ஒன்பது நாளுக்கு எத்தனை பல் என்று
அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.
பிறகு பாத்திரம் கழுவும்போதும் பனி தள்ளும்போதும்
நான்கு எண்களை முணுமுணுத்தேன்,
வாய்ப்பாட்டில் தோற்ற பிள்ளை போல.

கம்பி எண்ணுவது என்பார்கள்.
அங்கே எண்ணுவதற்குக் கம்பி இல்லை.
சாம்பல் பெயிண்ட் அடித்த இரும்புக் கதவு,
அதில் கையகலக் கண்ணாடி.
எண்ணப்பட்டது நாங்கள்தான்,
நாளுக்கு ஐந்து தடவை.
களியும் இல்லை.
விடிகாலை நாலரைக்கு ஆறிப்போன ஓட்ஸ்.
விளக்கு அணையவே அணையாது,
சாக்ஸைக் கண்மேல் போட்டுக்கொண்டு தூங்கினேன்
(இதை ரெனே சொல்லவில்லை).

மூன்றாம் நாள் மேல்கட்டிலுக்கு ஒருத்தி வந்தாள்.
மெக்கென்னா. இருபத்திரண்டு இருக்கும்.
சுவர் போனின் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றாள்,
நின்றுகொண்டே இருந்தாள்.
விரல் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.
"அம்மா நம்பர் எனக்கு
'அம்மா' என்றுதான் தெரியும்."

அவளுக்கு மனப்பாடமாக இருந்தது ஒன்றே ஒன்று:
கடைத்தெருவில் தொலைந்துபோனால் சொல்வதற்காக
ஐந்து வயதில் அப்பா ஓதவைத்த
பழைய வீட்டு லேண்ட்லைன்.
அந்த இணைப்பைத் துண்டித்துப் பத்து வருடம் ஆகிறது.
ஆனாலும் அழுத்தினாள்.
அந்த எண் உபயோகத்தில் இல்லை என்ற குரலை
முழுவதும் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

வாங்காதே என்றுதான் ரெனே சொல்லியிருந்தாள்,
கொடுக்காதே என்று சொன்னதாக நினைவில்லை.
ரெனேயின் எண்ணையே கொடுத்தேன்.

அம்மா மைனாட்டில் ஏதோ டயர் கடையில் வேலை,
அவ்வளவுதான் துப்பு.
ரெனே ஒவ்வொரு கடையாக அழைத்தாளாம்.
ஆறாவது கடையில் ஒரு பெண்
போனைக் கீழே போட்டுவிட்டாளாம்,
பிறகு எடுத்தாளாம்.

நள்ளிரவு பன்னிரண்டு ஐந்துக்கு என்னை வெளியே விட்டார்கள்.
பிளாஸ்டிக் பையில் கோட்டு, செத்துப்போன செல்போன்,
மீதிப் பதினொரு டாலருக்கு ஒரு செக்.
வாசல் போனில் ஓரினை அழைத்தேன். தூங்கிவிட்டான்.
கண்ணாடிக்கு வெளியே பனி, படுக்கைவாட்டில்.
அடுத்த எண்ணை அழுத்தினேன்.

இரண்டாவது மணியில் எடுத்தாள்.
ஹலோ சொல்லவில்லை.
"நன்றாகக் குளித்தாயா, மார்லிஸ்?"

தினமும், என்றேன்.